சூடேறும் எஞ்சினும் இரு நிலத்து வழக்கும்

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது வண்டியை அங்கேயே நிறுத்துவதா, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டுப் பட்டறை வரை ஓட்டிச் செல்வதா என்ற கேள்விக்கு இலங்கையில் ஒரு விடையும் பெங்களூரில் வேறொரு விடையும் வழக்கில் உள்ளன. இலங்கையிலிருந்து வந்து செல்வோருள் சிலர், பெங்களூர் ஓட்டுநர்கள் டிக்கியில் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு கோளாறான வண்டியைப் போகிறவரை போகட்டும் என்று ஓட்டுகிறவர்கள், இயந்திரத்தின் அருமை தெரியாதவர்கள் என்று குறைகூறுவதுண்டு. இரு வழக்குகளும் எந்தச் சூழலில் வேர்பிடித்தன என்று ஆராய்ந்தால் அக்குறை நிலைக்காது என்பது விளங்கும்.

நீரின் கொதிநிலை ஊரின் உயரத்துக்கு ஏற்பக் குறைவதால், கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் 97 டிகிரியிலும், 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 டிகிரியை ஒட்டியும் கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடியிலுள்ள சுருள்வில் உள்ளழுத்தத்தைத் தக்கவைத்து இக்கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்துகிறது என்பதால், மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தாலே குறையற்ற எஞ்சினும் பொங்கக்கூடும். பழைய அம்பாசடரின் 'ஹெட்', அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம், வார்ப்பிரும்பால் ஆனது என்பதால் சற்றுச் சூட்டைப் பொறுத்தது. 1983இல் வந்த மாருதி 800 முதலாகப் பெருகிய அலுமினிய ஹெட் அவ்வாறு பொறுப்பதில்லை. அது வளைந்தால் இடையிலுள்ள 'கேஸ்கெட்' என்னும் அடைப்புத் தகடு கெட்டு, நீரும் எண்ணெயும் கலந்து, செலவு பன்மடங்காகும். இந்த விதி இரு நாட்டுக்கும் பொது.

வேறுபாடு தொடங்குவது, அடுத்த பட்டறையும் அடுத்த உதிரிப்பாகமும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதில்தான். பெங்களூரில் ஜே.சி. ரோட்டின் இருபுறமும் புதிய பாகங்களும், சிவாஜிநகரின் 'குஜரி'க் கடைகளில், அதாவது பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில், கழற்றிய பாகங்களும் கிடைக்கின்றன. தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே மூச்சில் பேசும் மெக்கானிக்குகள் பேட்டைதோறும் இருக்கிறார்கள். தேர்ந்த மெக்கானிக் வண்டி வந்ததும் முதலில் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பார்க்கிறார். மேலது சுட்டுக் கீழது குளிர்ந்திருந்தால், சூடேறியதும் நீருக்கு வழிவிட வேண்டிய 'தெர்மோஸ்டாட்' என்னும் அடைப்பிதழ் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று ஊகிக்கிறார். பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருப்பி, அதன் அடியில் பால்நிறப் பசை படிந்திருந்தால் ஹெட்டில் நீர் கசிகிறதோ என்று ஐயுற்று, மேற்கொண்டு ஓட்ட வேண்டாம் எனத் தடுக்கிறார். மேலும், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்குக் காற்றோட்டம் மின்விசிறியால் மட்டுமே கிடைப்பதால், விசிறி நின்றுபோன வண்டி அங்கே சூடேறினும் திறந்த சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றால் தணியும். அந்நிலையில் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுமையாகத் திறந்து, முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பட்டறை நோக்கி நகர்வது அறிந்து செய்யும் செயலாகும்.

இலங்கையில் சொல்வழக்கே வேறு. அங்கே வண்டி 'வாகனம்' ஆகிறது. அதை ஓட்டுநர் ஓட்டுவதில்லை, 'சாரதி' 'ஓடுகிறார்'. ஒர்க்‌ஷாப் 'கராஜ்' எனப்படுகிறது. ரேடியேட்டர் எழுத்தில் 'றேடியேற்றர்' ஆகிவிடுகிறது. சூழலும் வேறு. கொழும்பின் பஞ்சிகாவத்தை, பெங்களூரின் ஜே.சி. ரோட்டுக்கு ஈடான உதிரிப்பாகச் சந்தையாக விளங்கினாலும், இலங்கையில் ஓடும் கார்களுள் மிகப்பல ஜப்பானில் பயன்படுத்தப்பட்டு இறக்குமதியானவை என்பதால், பாகத்தின் விலை கப்பலோடும் அந்நியச் செலாவணியோடும் பிணைந்துள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்கள் வாங்கிய விலைக்கு மேலாகவே விற்றன என்று அறியவருகிறது. அத்தகைய உடைமையைச் சாலையோரத்தில் நிறுத்திக் காத்திருப்பது இயல்பே. எனினும் அந்த எச்சரிக்கையைத் தீவு முழுமைக்கும் உரிய குணமாகக் கொள்ள இயலாது. உள்நாட்டுப் போரையொட்டி விதிக்கப்பட்ட 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களைச் சிறிது பெட்ரோலால் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர் என்பதும், தட்டலோடும் சூட்டோடும் ஓடிய அவ்வெஞ்சின்களைக் கைத்திறனால் காத்தனர் என்பதும் அனைவரும் போற்றத்தக்க வரலாறு. சூடான வண்டியை ஓட்டிச் செல்வது இழிவு என்றால் அவ்வீரமும் இழிவாகிவிடும்.

பெங்களூர் வழக்கிலும் திருத்திக்கொள்ள வேண்டியவை உள்ளன. 'கூலண்ட்' என்னும் குளிர்விப்புத் திரவத்துக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரை ஊற்றுவதால் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் உப்புப் படிகிறது. சுண்ணாம்புக்கல் நிலமான யாழ்ப்பாணத்தின் கிணற்று நீருக்கும் இத்தீங்கு உண்டு. சூட்டுக்கு மருந்தாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு. குளிர்ந்த விடியல்கள் கொண்ட பெங்களூரில் அவ்வாறு செய்தால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடி, பெட்ரோலையும் தன்னையும் வீணாக்குகிறது. ஆயினும் கெட்ட பாகத்தை மட்டும் இனங்கண்டு, அதை அன்றைய தினமே மாற்றி, வாடகை வண்டிக்காரரின் பிழைப்பு ஒரு நாளும் முடங்காமல் காக்கும் திறன் பெங்களூர்ப் பட்டறைகளின் தனிப் பெருமை. அப்பெருமையில் தலைமுறைகளாக இங்கே கைகறுக்க உழைத்த தமிழர்க்கு உள்ள பங்கு, இந்நகரில் அவர்களை வந்தேறிகளாகக் காண்போருக்கும், கடல் கடந்து வந்து குறைகூறுவோருக்கும் ஒருங்கே விடையாகும்.

எனவே முடிவுக்குரிய அளவுகோல் ஊருக்கு ஊர் மாறும் துணிச்சலாலோ அச்சத்தாலோ அமைவதன்று. முள் இறங்கினால் அருகிலுள்ள பட்டறை வரை செல்லலாம். சிவப்பைத் தொட்டாலோ, நீர் காரணமின்றிக் குறைந்தாலோ, புகைபோக்கியில் இனிப்பு வாடையுடன் வெண்புகை எழுந்தாலோ எஞ்சினை நிறுத்தி, அரைமணி நேரமேனும் ஆறவிட்டு, அதன் பின்னரே தடித்த துணியால் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். இந்த ஒழுங்கைப் பெங்களூரின் நல்ல மெக்கானிக் எவரும் தம் வாடிக்கையாளருக்குச் சொல்லியே அனுப்புகிறார்.