பெயர்ப்பலகையில் எவர் பெயர்?

வணிகத்திற்குப் பெயர் சூட்டுவதை வெறும் அலங்காரமாகக் கருதுவோர் பலர். ஆனால் எவர் பெயர் பலகையில் ஏறுகிறதோ, அவரே அப்பொருளைப் படைத்தவர் என்று உலகம் நம்பிவிடுகிறது. மலையகத் தேயிலையின் வரலாறே இதற்குச் சான்று.

பூண்டுலோயாவில் டன்சினன் தோட்டம். தலவாக்கலையில் ஹோலிரூட் தோட்டம். முன்னது ஸ்கொட்லாந்தின் ஒரு குன்றின் பெயர். பின்னது எடின்பரோ அரண்மனையின் பெயர். காடழித்துத் தோட்டம் கண்ட தமிழ்த் தொழிலாளியின் ஊர்ப்பெயர் அங்கே ஏறவில்லை. துரையின் தாயக நினைவே ஏறியது. 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், தேயிலைக்குத் தம் பெயரையே இட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் மெரில் பெர்னாண்டோ, தம் மைந்தர் டில்ஹான், மாலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்து 'டில்மா' என்றார். அந்நியப் பெருவணிகத்தின் எதிரே உள்நாட்டுப் பெயரொன்று எழுந்தது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அங்கும் பெயர் உரிமையாளர் குடும்பத்தோடு நின்றது. எத்தனையோ தேயிலைப் பெட்டிகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் உண்டு. அவள் பெயர் இல்லை.

1972இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் 'ஸ்ரீ லங்கா' ஆயிற்று. 'சிலோன் டீ' மட்டும் மாறவில்லை. சந்தையில் ஊன்றிய பெயரின் விலையை வணிகர் அறிவர்.

உழைக்கும் மக்களும் பெயரின் வலிமையை அறிந்தனர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரசேடுகள் 'இந்தியத் தமிழர்' என்றெழுத, அவர்களோ 'மலையகத் தமிழர்' என்று தமக்குத் தாமே பெயரிட்டனர். தம் உழைப்பால் உருவான மண்ணைத் தம் பெயரில் ஏற்றிய செயல் அது.

இன்று அட்டனிலோ நுவரெலியாவிலோ சிறுதொழில் தொடங்கும் நம் இளைஞர், 'ரோயல்' என்றும் 'இம்பீரியல்' என்றும் இரவல் மகுடம் தேடுவானேன்? வாங்குவோர் நாவுக்கு எளிதாய், விற்கும் பொருளையும் அது விளையும் ஊரையும் உணர்த்துவதாய், பிறர் பெயரின் நிழலில் ஒதுங்காததாய் ஒரு தமிழ்ப்பெயர் போதாதா? வணிகப் பெயரைப் பதியும்போது, அதன் பின்னுள்ள உரிமையாளர் யாரென்று சட்டம் கேட்கிறது. உழைப்பவர் யாரென்று கேட்பதில்லை. அக்கேள்வியை நாம் கேட்க வேண்டும்.

பெயரால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது. 'தோழமை' என்று பலகை மாட்டி, உள்ளே வேலைசெய்யும் பெண்ணின் கூலியைக் குறைப்பவன் பழைய துரையினும் கொடியவன். துரையாவது தன்னைத் தோழன் என்று சொல்லிக்கொண்டதில்லை.