நடக்காத சண்டைகளும் நடக்கவிடப்படாத சண்டைகளும்

முகமது அலியும் றொக்கி மார்சியானோவும் தத்தம் உச்சக்கட்டத்தில் மோதியிருந்தால் வென்றிருப்பது யார்? பலெர்மோவில் குத்துச்சண்டை பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. என்னுடன் தொழிற்சாலையில் வேலை செய்யும் சிசிலியர்களுக்குப் பதிலில் ஐயமே இல்லை. மார்சியானோ 49 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் 1956 இல் ஓய்வுபெற்றவர். அதைவிட முக்கியமாக, 'எங்களுடைய ஆள்'. அவர் பிறந்ததோ அமெரிக்காவின் புறொக்டன் நகரில். தந்தை இத்தாலியிலிருந்து போய்ச் சப்பாத்துத் தொழிற்சாலையில் உழைத்த குடியேறி. மகன் தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் எவரும் அவரை உரிமை கோரியிருக்கமாட்டார்கள். எம்மவர்களோ பெரும்பாலும் அலியின் பக்கம். அதற்கும் குத்துச்சண்டையின் நுணுக்கங்களுக்கும் அதிகம் தொடர்பில்லை.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று வாசகர் கேட்கலாம். பொழுதுபோக்காக இருக்கும்வரை எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அது அவ்வளவு கள்ளங்கபடமற்ற வரலாறும் அல்ல.

1967 இல் மறி வொரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், வெவ்வேறு காலத்து ஹெவிவெயிற் வீரர்களைக் கணனி மூலம் மோதவிட்டு அதை வானொலித் தொடராக ஒலிபரப்பினார். குத்துச்சண்டை வல்லுநர்களிடமும் எழுத்தாளர்களிடமும் ஒவ்வொரு வீரரின் திறன்களுக்கும் மதிப்பீடுகள் பெறப்பட்டு இயந்திரத்துக்கு ஊட்டப்பட்டன. இறுதிச் சண்டையில் மார்சியானோ ஜாக் டெம்சியை வென்றார். அலியோ கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸ் என்பவரிடம் தோற்றதாக இயந்திரம் தீர்ப்பளித்தது. அலி பத்து லட்சம் டொலர் கேட்டு மானநட்ட வழக்குத் தொடுத்தார்.

இந்தத் தீர்ப்பின் கனத்தை உணர இரண்டு விடயங்களை நினைவிற் கொள்ளவேண்டும்.

முதலாவது, ஜெஃப்ரீஸ் யார் என்பது. தோல்வி காணாமல் 1905 இல் ஓய்வுபெற்ற வெள்ளையர் அவர். 1908 இல் ஜாக் ஜோன்சன் ஹெவிவெயிற் உலகப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பரானபோது, 'ஜெஃப்ரீஸ் மட்டும் இன்னும் மேடையில் இருந்திருந்தால்' என்ற ஏக்கம் வெள்ளை அமெரிக்காவெங்கும் எழுந்தது. அந்த 'இருந்திருந்தால்' உண்மையாகவே நடத்திப் பார்க்கப்பட்டது. 1910 ஜூலை 4 இல் ரீனோ நகரில் 15ஆவது சுற்றில் ஜோன்சன் அவரை வீழ்த்தினார். அன்றிரவு அமெரிக்க நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டனர், உயிர்கள் போயின. 1912 இல், குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே சட்டம் தடைசெய்தது. உண்மையான மேடையில் ஒரு கறுப்பரிடம் தோற்ற இந்த மனிதர்தான், ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, இறந்த பின்னர், கணனியில் இன்னொரு கறுப்பரை வெல்கிறார்.

இரண்டாவது, அந்த ஆண்டில் அலி எங்கே நின்றார் என்பது. வியட்னாம் போருக்கான படைச்சேர்ப்பை 1967 ஏப்ரலில் மறுத்தமைக்காக அவரது பட்டம் பறிக்கப்பட்டது. ஜூனில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டினால் சிறைக்குப் போகாவிட்டாலும், உள்நாட்டில் உரிமம் இல்லை; வெளிநாடு போகக் கடவுச்சீட்டும் இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவனின் நிலையை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 1970 ஒக்டோபர்வரை, ஒரு வீரனின் மிகச் சிறந்த வயதில், அவரால் மேடையேற முடியவில்லை. கற்பனை மேடை ஒலிபரப்பில் களைகட்டிய அதே வேளையில் உண்மை மேடையின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டிருந்தது.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. கைச்செலவுக்கும் வழியற்ற அலி, சுமார் பத்தாயிரம் டொலருக்கு, மார்சியானோவுடன் ஒரு திரைப்படச் சண்டைக்கு இணங்கினார். 1969 இல் இருவரும் ஒரு நிமிடச் சுற்றுக்களாக நடித்தார்கள். மார்சியானோவின் வயது 45; வழுக்கையை மறைக்கப் பொய்மயிர் வைத்திருந்தார். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. படம் வெளிவரும் முன்பே, அவ்வாண்டு ஓகஸ்ட் 31 இல், விமான விபத்தொன்றில் மார்சியானோ மாண்டார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் 13ஆவது சுற்றில் அலியை வீழ்த்தினார். 1952 இல் வோல்கொற்றை வீழ்த்தி அவர் பட்டம் வென்றதும் இதே 13ஆவது சுற்றில்தான். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியிலோ வென்றவர் அலி. பார்ப்பவர் யாரோ அவருக்கேற்ற முடிவு! அந்தக் கணனி அலபாமாவில் செய்யப்பட்டது என்று அலி கேலி செய்தார். கேலிக்குள் ஒரு விமர்சனம் இருந்தது: இயந்திரம் தன்னிடம் ஊட்டப்பட்டதையே திருப்பிச் சொல்லும்.

காலங்கள் உண்மையிலேயே மோதிக்கொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 1951 இல் மார்சியானோ 37 வயது ஜோ லூயிசை வீழ்த்தினார். 1980 இல் லாறி ஹோம்ஸ் 38 வயது அலியை வீழ்த்தினார். 1988 இல் மைக் ரைசன் அதே ஹோம்சை வீழ்த்தினார். இவற்றால் எந்த விவாதமும் தீரவில்லை. முதுமை தோற்கும் என்பதற்குமேல் அவை எதையும் நிறுவவுமில்லை.

ஆகவே இருவகைச் சண்டைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். காலம் குறுக்கே நின்றதால் நடக்காதவை ஒருவகை. அதிகாரம் குறுக்கே நின்றதால் நடக்கவிடப்படாதவை மறுவகை. கணனியின் இறுதிச் சண்டைவரை வந்த டெம்சி 1919 முதல் 1926 வரை பட்டம் வைத்திருந்தவர். அவருக்கு முன்னணிச் சவாலாக நின்ற கறுப்பரான ஹரி வில்ஸ் ஒருபோதும் அவருடன் மோத முடியவில்லை. ஒப்பந்தம்வரை போன சண்டையும் நடக்கவில்லை. 1915 இல் ஜோன்சன் பட்டத்தை இழந்ததிலிருந்து 1937 இல் ஜோ லூயிஸ் அதை வெல்லும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கான வாய்ப்புக் கிடைக்கவில்லை. டெம்சியும் அலியும் மோதியிருந்தால் என்று கேட்பது சுவையானது, எவரையும் சங்கடப்படுத்தாதது. டெம்சியும் வில்சும் ஏன் மோதவில்லை என்று கேட்டால் பலர் பதில் சொல்லவேண்டி வரும். முதற் கேள்வியின் ஆரவாரத்தில் இரண்டாவது கேள்வி அமுங்கிவிடுகிறது என்பதே எனது வாதம்.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) வடசென்னையை வைத்து இதைத்தான் சொல்கிறது. கபிலனா வேம்புலியா என்பதற்கு முன்னரே, பரம்பரையின் மானத்தைச் சுமந்து மேடையேறும் உரிமை யாருக்கு என்ற சண்டை நடந்துவிடுகிறது. அவன் வெற்றியை நெருங்கும்போது மேடையே குழப்பப்படுகிறது.

எமது புகலிடச் சூழலிலும் இந்தக் கணனி ஓடிக்கொண்டிருக்கிறது. 1977 இல் மறைந்த செல்வநாயகம் 1987 இல் உயிரோடிருந்திருந்தால்? 1930 இல் மறைந்த இராமநாதன் செல்வநாயகத்தின் இடத்தில் இருந்திருந்தால்? வார இறுதிகளில், ஐரோப்பாவின் எந்த நகரத்திலும், நாம் இறந்தவர்களை மேடையேற்றி மோதவிடுகிறோம். மதிப்பெண்களும் நாமே இடுகிறோம். 2009 க்குப் பின் இது இன்னும் அதிகரித்திருக்கிறது. ஒவ்வோர் அணியிடமும் தனக்கேற்ற முடிவுடன் ஒரு பிரதி இருக்கிறது.

தோற்ற சமூகம் இப்படிக் கற்பனை செய்வது இயல்பு என்பர். ஏற்கிறேன். ஆயினும், நடந்திருக்கக்கூடிய விவாதங்கள் எமக்குள் எத்தனை இருந்தன! ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21 இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடன் உடன்படாதவர்கள் அவருக்கு எழுத்தில் பதில் சொல்லியிருக்க முடியும். அந்தச் சண்டைக்குக் காலம் குறுக்கே நிற்கவில்லை. அவரைப் போல மேடையேறவிடாமல் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், நிறுத்தியவர்கள் யார், பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் யார் என்ற கணக்கை எந்த இயந்திரத்துக்கும் நாம் இன்னும் ஊட்டவில்லை.

அலியா மார்சியானோவா என்ற பேச்சு பலெர்மோவில் தொடரட்டும். அதற்கு இருவரின் முடிவையும் ஏற்கலாம்; யாருக்கும் இழப்பில்லை. செல்வநாயகமா இராமநாதனா என்று தொடங்குபவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: தமது காலத்திலேயே மேடை மறுக்கப்பட்ட ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொன்ன பெயரோடு உடன்படாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கங்கள் திறந்தே இருக்கவேண்டும்.