ஆஸ்லரின் நூல் பீக்கிங் போன இரண்டு வழிகள்

வில்லியம் ஆஸ்லர் எழுதிய ‘மருத்துவக் கோட்பாடுகளும் நடைமுறையும்’ முதற்பதிப்பு கையில் கிடைத்தால், பழம்புத்தகம் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது ஓர் அச்சுப்பிழையைத்தான். காணிக்கைப் பக்கத்தை அடுத்து, மருத்துவத்தைக் கலை என்று சொல்லும் பிளேட்டோவின் ஒரு வாக்கியத்தை ஆஸ்லர் எடுத்துப் போட்டிருந்தார். அது வரும் உரையாடலின் பெயர் ‘கோர்கியாஸ்’. அச்சில் அது ‘ஜார்ஜியாஸ்’ ஆகிவிட்டது. பிழையோடு இருக்கும் படிகள் முந்தி அச்சானவை, திருத்தம் பெற்றவை பிந்தி வந்தவை. ஆகவே பிழையுள்ள படிக்குத்தான் விலை அதிகம். ஆஸ்லரே பெரிய புத்தகப் பித்தர். வாழ்நாளெல்லாம் சேர்த்த மருத்துவ நூல்களைத் தாம் படித்த மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தவர். தம் நூலின் பிழைக்கு இப்படி ஒரு சந்தை உருவானதை அவர் ரசித்திருப்பார்.

கனடாவில் 1849-இல் பிறந்த ஆஸ்லர், பால்டிமோரில் புதிதாகத் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 1889-இல் வந்து சேர்ந்தார். மருத்துவமனை திறந்தாயிற்று, மருத்துவக் கல்லூரி திறக்கவில்லை. அது 1893-இல்தான் தொடங்கியது. பாடம் நடத்த மாணவர்கள் இல்லாத அந்த இடைவெளியில்தான் நூல் பிறந்தது. உடன் பணியாற்றிய இளம் மருத்துவர் ஹன்டர் ராப்பின் அறையைக் காலையில் ஒரு மணி நேரம் இரவல் கேட்டாராம் ஆஸ்லர். சில நாளில் மேசை, நாற்காலி, தரை எங்கும் ஆஸ்லரின் புத்தகங்கள். மாதக்கணக்கில் அறை அவருடையதாகவே ஆகிவிட்டது. நூல் முடிந்தால்தான் கல்யாணம் என்று கிரேஸ் ரெவேர் சொல்லியிருந்ததாகவும் ஒரு கதை உண்டு. நூல் 1892-இன் தொடக்கத்தில் வெளிவந்தது, அந்த ஆண்டு மே மாதம் திருமணம் நடந்தது.

நியூயார்க்கில் ஆப்பிள்டன், எடின்பரோவிலும் லண்டனிலும் பென்ட்லாண்ட் என்று இரு கரையிலும் நூல் ஒரே ஆண்டில் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், அத்தனையும் ஒருவர் எழுதியது. பல பேராசிரியர்கள் ஆளுக்கு ஒரு பகுதி எழுதிச் சேர்க்கும் பெருந்தொகுதிகளுக்கு ஐரோப்பா பழகியிருந்த காலம் அது. ஆஸ்லரின் பக்கங்களில் ஒரே குரல் கேட்டது. டைபாய்டு காய்ச்சலில் தொடங்கி ஒவ்வொரு நோய்க்கும் காரணம், பிணக்கூராய்வில் கண்டது, அறிகுறிகள், கண்டறியும் முறை என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போவார். மாண்ட்ரியலில் நூற்றுக்கணக்கான சடலங்களைத் தம் கையால் அறுத்துப் பார்த்தவர். அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனால் சிகிச்சை என்ற தலைப்பு வந்ததும் பத்தி சுருங்கிவிடும். படுக்கை ஓய்வு, உணவு, நல்ல செவிலிப் பராமரிப்பு. அதற்கு மேல் மருந்து என்று நம்பிச் சொல்ல அவரிடம் அதிகம் இல்லை. மலேரியாவுக்குக் குவினைன் போல உறுதியாகப் பலன் தரும் மருந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மருந்துப் பட்டியல் நீள நீள மருத்துவர் பெரியவர் என்று கருதிய காலத்தில் இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். சிகிச்சையில் நம்பிக்கையற்றவர் என்ற பழியும் அவருக்கு வந்தது. என்னைக் கேட்டால், நூலின் வலிமையே அந்தச் சுருங்கிய பத்திகளில்தான் இருக்கிறது.

அந்தச் சுருக்கத்தை 1897-இன் கோடையில் ஒருவர் கவனித்தார். ஃபிரெடெரிக் கேட்ஸ் மருத்துவர் அல்லர். பாப்டிஸ்ட் சபைப் போதகராக இருந்து, பிறகு ஜான் ராக்பெல்லரின் தர்மப் பணத்தை எங்கே கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் வேலைக்கு வந்தவர். தெரிந்த மருத்துவ மாணவர் ஒருவரிடம் நல்ல நூலாக ஒன்று சொல்லும்படி கேட்டு, கூடவே ஒரு மருத்துவ அகராதியும் வாங்கிக்கொண்டு, விடுமுறையில் உட்கார்ந்து ஆஸ்லரை முழுக்கப் படித்தார். பாடநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. படித்து முடித்தபோது கேட்ஸுக்கு மிஞ்சியது ஒரு கணக்கு: இத்தனை நோய்களில் மருத்துவத்தால் உறுதியாகக் குணப்படுத்த முடிவது நாலோ ஐந்தோ. நுண்ணுயிர்களைப் பற்றிய அத்தியாயங்களைப் படித்தவருக்கு, தேட வேண்டிய இடம் எது என்பதும் தெரிந்தது. தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்ய அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இல்லை என்று ராக்பெல்லருக்கு எழுதினார். நியூயார்க்கில் 1901-இல் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனம் தோன்றியது. தமக்கு நோய் வந்தால் ஹோமியோபதி மருத்துவரை அழைக்கும் ராக்பெல்லர் அதற்குப் பணம் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி மொழிபெயர்ப்புகள். ஐரோப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு நரம்பியலாளர் பியேர் மாரியின் முன்னுரையோடு 1908-இல் பிரெஞ்சிலும், மறு ஆண்டு ஜெர்மனிலும், 1915-இல் ஸ்பானிய மொழியிலும் வந்தது. இளம் ஆஸ்லர் படிக்கப் போன ஊர்கள் பெர்லினும் வியன்னாவும். அமெரிக்க மருத்துவர்கள் ஜெர்மன் நூல்களை மொழிபெயர்த்துப் படித்துவந்த காலம் மாறி, ஜெர்மன் பதிப்பகம் ஒன்று அமெரிக்காவில் எழுதப்பட்ட பாடநூலை மொழிபெயர்த்து விற்றது. காற்று திசை மாறியதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஐரோப்பிய மொழிகளுக்குள் கலைச்சொல் பெரிய சிக்கல் இல்லை. கிரேக்கமும் லத்தீனும் எல்லோருக்கும் பொதுச்சொத்து.

சீனத்தில் 1910-இல் வந்த பதிப்புதான் வேறு கதை. மொழிபெயர்த்தவர் ஃபிலிப் கௌஸ்லண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பிரஸ்பிட்டேரியன் சபையின் மருத்துவ ஊழியராக 1880-களில் தென்சீனத்தின் ஸ்வாட்டோ பகுதிக்கு வந்தவர். பிற்காலத்தில் ஷாங்காயில் இருந்துகொண்டு, சீன மருத்துவ மிஷனரிச் சங்கத்தின் நூல் வெளியீட்டு வேலையே கதியென்று ஆனார். நூலுக்குச் சீனத்தில் ‘ஓ-ஷி நெய்க-ஷுவே’ என்று பெயர். நெய்க என்றால் உள்மருத்துவம். ‘ஓ-ஷி’ என்பது ‘ஓ குலத்தவர்’. ஆஸ்லரின் முதல் அசையைச் சீனக் குலப்பெயர் ஒன்றாக்கி, அவரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பெயர் சுலபமாக அமைந்தது. உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான சொற்களுக்கு என்ன செய்வது? பெஞ்சமின் ஹாப்சன் 1851-இல் கான்டனில் வெளியிட்ட உடற்கூற்று நூலிலிருந்தே இந்தத் திண்டாட்டம் தொடங்கிவிட்டது. அன்றைய வழக்கப்படி வெள்ளைக்கார மருத்துவர் வாயால் சொல்லுவார், சீனம் கற்ற எழுத்தர் நல்ல நடையில் எழுதுவார். அட்டையில் பெரும்பாலும் முன்னவர் பெயர்தான் நிற்கும். ஆளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டு ஆளுக்கு ஒரு சொல் வழங்கினார்கள். இதை ஒழுங்குபடுத்த 1890-இல் சங்கம் ஒரு கலைச்சொல் குழு அமைத்தது. அதன் உழைப்பில் விளைந்த ஆங்கில-சீன மருத்துவச் சொற்களஞ்சியத்தைக் கௌஸ்லண்ட் 1908-இல் வெளியிட்டார். ஆஸ்லரைச் சீனத்தில் கொண்டுவருவதற்கு முன் அகராதியைக் கட்டி முடிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் குழு ஒரு விசித்திரமான வழியைத் தேர்ந்தது. பேச்சில் புழங்கும் சொல் பல பொருள் தரும், மருத்துவத்துக்கு ஆகாது என்று சொல்லி, நாற்பத்தேழாயிரம் எழுத்துகள் கொண்ட காங்ஷி அகராதியைக் குடைந்தார்கள். யாரும் பயன்படுத்தாத, பொருளே மறந்துபோன எழுத்துகளை எடுத்து அவற்றுக்குப் புதுப்பொருள் ஏற்றினார்கள். இல்லாதபோது எழுத்தையே புதிதாக உருவாக்கினார்கள். தனி எழுத்துக்குத் தனி அச்சு வார்க்க வேண்டிய ஈய அச்சுக் காலத்தில் அதன் செலவை யோசித்துப் பாருங்கள். படிக்கிற சீன மாணவருக்கும் உச்சரிக்கத் தெரியாத எழுத்துகள். தூய்மை வேண்டி வாசகரை இழக்கும் இந்த நோய் நமக்கும் தெரிந்ததுதான்.

பக்கத்து நாட்டில் விடை தயாராக இருந்தது. டச்சு நூல்களிலிருந்து மருத்துவம் கற்ற ஜப்பானியர் உதாகாவா கென்ஷின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உடலுறுப்புகளுக்குப் புதிய எழுத்துகள் படைத்துவிட்டார். சதையைக் குறிக்கும் குறியோடு ‘ஊற்று’ என்ற எழுத்தைச் சேர்த்தார்: அதுவே சுரப்பி. தமிழில் சுரப்பி என்கிறோமே, அதிலும் ஊற்றுச் சுரப்பதுதான் உள்ளுறை. ஒருவரையொருவர் அறியாத இரு மொழிகள் ஒரே படிமத்தில் வந்து நின்றது எனக்கு இன்றும் வியப்பு. மிஷனரிகள் தொடக்கத்தில் ஜப்பானியச் சொற்களை ஒதுக்கினார்கள். ஆனால் ஜப்பானில் படித்துத் திரும்பிய சீன இளைஞர்களின் எண்ணிக்கை அவர்களுடைய மாணவர் எண்ணிக்கையை மிஞ்சியது. சொற்களஞ்சியத்தின் பிந்திய பதிப்புகளில் ஜப்பானியச் சொற்கள் உள்ளே வந்தன. சீன மருத்துவர்கள் தங்களுக்கென 1915-இல் சங்கம் கண்டு, அடுத்த ஆண்டு ஷாங்காயில் கலைச்சொல் கூட்டத்தில் மிஷனரிகளோடு சமமாக உட்கார்ந்தார்கள். சொல்லைத் தீர்மானிக்கும் நாற்காலி கை மாறத் தொடங்கியது.

இங்கே யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கௌஸ்லண்டுக்கு ஒரு தலைமுறை முன்பே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இதே வேலையைச் செய்திருக்கிறார். மாணவர்களோடு சேர்ந்து அங்காதிபாதம், இரணவைத்தியம், வைத்தியாகரம் என்று வரிசையாகத் தமிழில் நூல்கள் கொண்டுவந்தார். கிரேயின் உடற்கூற்றியல், ஃபூச்சோவில் டாஃபின் ஆஸ்குட் கையால் சீனத்துக்குப் போனதற்குச் சில ஆண்டுகள் முன்பே தமிழுக்கு வந்துவிட்டது. சீனத்தார் அரிய எழுத்தைத் தேடிய இடத்தில் கிறீன் குழுவினர் வடமொழியை நாடினார்கள், அதுவும் உதவாதபோது வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் சூட்டவும் தயங்கவில்லை. கிறீன் 1873-இல் ஊர் திரும்பினார். சில ஆண்டுகளில் மருத்துவப் படிப்பு ஆங்கிலத்துக்குப் போனது.

பீக்கிங்கிலும் அதுதான் நடந்தது, ஆனால் நடத்தி வைத்த பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் முரண் இருக்கிறது. மிஷன்கள் கூடி 1906-இல் அங்கே தொடங்கிய யூனியன் மருத்துவக் கல்லூரியில் பாடமொழி சீனம். கௌஸ்லண்டின் ஆஸ்லர் போன்ற நூல்கள் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்காகத்தான் அச்சாயின. ராக்பெல்லர் அறக்கட்டளை 1914-இல் சீன மருத்துவ வாரியத்தை அமைத்தது. மறு ஆண்டு சீனத்தைப் பார்வையிட வந்த குழுவில் வில்லியம் வெல்ச் இருந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸை உருவாக்கிய நால்வரில் ஒருவர், ஆஸ்லரின் தோழர். சார்ஜென்ட் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் இருவரும் ஒரே மேசையருகே இருக்கிறார்கள். குழுவில் இன்னொருவர் சைமன் ஃப்ளெக்ஸ்னர். ஹாப்கின்ஸில் பயின்றவர், கேட்ஸின் கணக்கிலிருந்து பிறந்த அந்த ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். வாரியம் 1915-இல் பீக்கிங் கல்லூரியை விலைக்கு வாங்கியது. பால்டிமோரைப் பார்த்துக் கல்லூரியைத் திருத்தி அமைத்தார்கள். பாடமொழி ஆங்கிலம் ஆனது.

அவர்கள் சொன்ன காரணத்தை அலட்சியம் செய்ய முடியாது. மருத்துவம் ஓடும் வேகத்துக்கு மொழிபெயர்ப்பு ஈடுகொடுக்காது என்றார்கள். அதற்கு ஆஸ்லரின் நூலே சாட்சி. 1892, 1895, 1898, 1901 என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிப்பு மாறிக்கொண்டிருந்தது. முதற்பதிப்பு வந்தபோது டிப்தீரியாவுக்கு எதிர்நச்சு கிடையாது, எக்ஸ் கதிர் கிடையாது, சிஃபிலிஸின் கிருமி யார் கண்ணிலும் படவில்லை. சீனப் பதிப்பு வெளிவந்த 1910-ஆம் ஆண்டிலேயே சிஃபிலிஸுக்குச் சால்வர்சான் விற்பனைக்கு வந்தது. மை காயுமுன் பக்கம் பழசாகிவிடும் துறை இது. ஆனால் எதிர்த்தரப்பின் கேள்வியும் லேசானதில்லை. புதிய கட்டடங்கள் 1921-இல் திறப்புவிழா கண்டன, 1924-இல் முதல் அணியில் பட்டம் பெற்றவர்கள் மூன்றே பேர். நாற்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் உள்ள நாட்டுக்கு மூன்று பேர். ஷாண்டோங் மாகாணத்தின் ஜினானில் மிஷன் மருத்துவக் கல்லூரி சீனத்திலேயே கற்பித்துக்கொண்டிருந்தது. சீன ஆஸ்லரும் புதிய பதிப்புகள் கண்டது.

ஆஸ்லர் 1919 டிசம்பர் 29-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். தாமஸ் மக்ரேயும் பிறகு ஹென்றி கிறிஸ்டியனும் திருத்தித் திருத்தி நூலை 1947-இல் பதினாறாம் பதிப்பு வரை கொண்டுசென்றார்கள். ஆங்கிலத்தில் பாடம் நடந்த பீக்கிங் கல்லூரியின் மருத்துவமனை இன்றும் அங்கேயே நடக்கிறது. அதன் உள்மருத்துவப் பிரிவுக்கு நெய்க என்றுதான் பெயர்.