கனவில் வந்த மார்க்கமும் கரையில் வந்த மார்க்கமும்

ஒரு மார்க்கம் ஒரு நாட்டில் எவ்வாறு புகுந்தது என்று கூறவந்த நூல்கள், அம்மார்க்கத்தைப் பற்றிக் கூறுவதினும் தம்மை எழுதுவித்தோரைப் பற்றியே மிகுதியாகக் கூறிவிடுகின்றன. இஃது எல்லாச் சமயத்தார் நூல்களுக்கும் பொருந்தும். நம்முடைய தலபுராணங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலாய் மக்களின் பெருநூலாகிய 'செஜாரா மெலாயு' என்பதனையும் இந்நோக்கோடு ஆராய்ந்து பார்த்தல் நலம் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

லூபோக் சீனாவிலும், மஸ்ஜித் தானாவிலும், சுற்றுமுள்ள தோட்டங்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இந்நூல் அயலார் நூலன்று. அவர்கள் நாள்தோறும் மிதித்து நடக்கும் மண்ணின் கதை அது. அதில் வரும் கப்பல்களிற் பல தமிழகக் கரையிலிருந்து வந்தவை. ஆயினும் நம்மவருள் இந்நூலின் பெயரைக் கேட்டிருப்போர் சிலர். படித்திருப்போர் மிகச் சிலர். கேட்டவர்களிலும் ஒரு சாரார், 'எல்லாம் கட்டுக்கதை' என்று ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார், 'இசுலாத்தை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் நாமே' என்று நெஞ்சு நிமிர்த்துவதற்கு மட்டும் அதனை எடுத்துக்கொள்கின்றனர். இவ்விரு சாராரும் நூலுக்கு நீதி செய்யவில்லை என்பதே நமது கருத்து.

'சுலாலத்துஸ் ஸலாத்தீன்', அதாவது அரசர் மரபு, என்பதே இந்நூலின் மற்றொரு பெயர். ஜோகூர் அரசவையில் பெண்டகாராவாக, அதாவது முதலமைச்சராக, விளங்கிய துன் ஸ்ரீ லானாங் இதனை ஆக்கினார் என்பது வழக்கு. 1612-ஆம் ஆண்டில் அரச கட்டளை பிறந்ததாக ஓர் ஏட்டின் முகவுரை கூறுகிறது. மலாக்கா போர்த்துக்கேசியர் கையில் வீழ்ந்தது 1511-ல். ஆகவே, நாட்டை இழந்து நூறாண்டு கழிந்தபின், இழந்தவர்களின் வழித்தோன்றல்கள் தம் பழம்பெருமையை நினைந்து எழுதிய நூல் இது. இதனை மறந்துவிட்டுப் படிப்போமாயின் நூலின் குரல் நம் செவியில் விழாது. லேடன் என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1821-ல் வெளியாயிற்று. மலாய் மூலத்தைச் சிங்கப்பூரில் அச்சேற்றியவர் அப்துல்லா முன்ஷி. அவர் 1796-ல் மலாக்காவிற் பிறந்தவர். தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த குடும்பத்தவர். கணக்குக்கும் வாணிகத்துக்கும் வேண்டுமென்று இளமையில் தமிழ் கற்பிக்கப்பட்டதைத் தம் வரலாற்றில் அவரே எழுதிவைத்திருக்கிறார். மலாய் நூலைக் காத்தளித்த கை தமிழும் எழுதிய கை என்பது நினைவிருக்கட்டும்.

இனி நூலுக்குள் புகுவோம். மலாக்கா அரசன் ஓர் இரவு கனவு காண்கிறான். நபிகள் நாயகம் தோன்றிக் கலிமாவைக் கற்பித்து, முகம்மது என்று பெயரிட்டு, 'நாளை அஸர் வேளையில் ஜித்தாவிலிருந்து ஒரு கப்பல் வரும். அதிலிருந்து இறங்கித் தொழுபவர் சொற்படி நட' என்று கூறி மறைகிறார். விழித்தெழுந்த அரசன் தனக்குச் சுன்னத்து நடந்திருக்கக் காண்கிறான். வாய் ஓயாமல் கலிமாவையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அரண்மனைப் பெண்கள் அரசனுக்குப் பித்துப் பிடித்தது என்று அஞ்சுகின்றனர். சொன்ன வேளையில் கப்பல் வருகிறது. செய்யிது அப்துல் அஜீஸ் என்பவர் கரையில் இறங்கித் தொழுகிறார். தொழுகையையே கண்டிராத மக்கள், 'இவர் ஏன் குனிந்து குனிந்து எழுகிறார்?' என்று வியந்து கூட்டங்கூடிப் பார்க்கின்றனர். அரசன் யானைமீது வந்து அவரை அழைத்துச் செல்கிறான். அதன்பின் பெரியோர் சிறியோர், ஆண் பெண் அனைவரும் மார்க்கத்திற் சேரும்படி கட்டளை பிறக்கிறது.

கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் மக்களைக் காட்டும் இடம் உயிருள்ள இடம். ஆசிரியரின் கண் கூர்மையானது என்பதற்கு அவ்வொரு காட்சியே போதும். ஆனால் கனவின் செய்தி வேறு. இதே கனவு இதே நூலில் முன்னரே ஒரு முறை வந்துவிட்டது! சுமத்திராவின் பாசை நாட்டு அரசன் மேரா சீலுவும் அவ்வாறே கனவு கண்டு, அவ்வாறே விழித்து, மாலிக்குஸ் ஸாலிஹ் ஆகிறான். ஒரே அச்சில் இரண்டு அற்புதங்களை வார்த்தெடுத்தால் அது நிகழ்ச்சியன்று, காவிய மரபு என்பது வெளிப்படை. நம் அரசர்களுக்கெல்லாம் கனவில் இறைவன் தோன்றிக் கோயில் கட்டச் சொன்னானே, அதனை ஒத்தது இது.

கனவு பொய் என்று நிறுவுவது எளிது. அதனோடு நின்றுவிடுவது திறனாய்வும் ஆகாது. ஆசிரியருக்குக் கனவு ஏன் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும். மலாக்கா வீழ்ந்த மறு ஆண்டு அங்கு வந்து 1515 வரை தங்கியிருந்த தோமே பீரேஸ் என்னும் போர்த்துக்கேசியர் வேறு கதை கூறுகிறார். முஸ்லிம் வணிகர் மலாக்காவில் வந்து குவிந்ததையும், முதுமையடைந்த அரசன் பாசை அரசன் மகளை மணந்து மார்க்கத்தை ஏற்றதையும் அவர் குறிக்கிறார். 1413-ல் சீனக் கப்பற்படையோடு புறப்பட்ட மா ஹுவான், தாமும் ஒரு முஸ்லிம், மலாக்கா அரசனும் மக்களும் அம்மார்க்க நெறியில் நிற்பதை எழுதிவைத்தார். முதலில் ஏற்ற அரசன் யார் என்பதில் இன்றும் அறிஞர் ஒருமித்திலர். ஆனால் வாணிகமும் மணவுறவும் வழிதிறந்தன என்பதில் பெரும்பாலும் ஐயமில்லை. இந்த வழியை ஒப்புக்கொண்டால் மலாக்கா அரசன் மாமனாருக்கும் கடன்பட்டவன், செட்டுக்காரனுக்கும் கடன்பட்டவன் ஆவான். கனவோ அவனை ஒருவருக்கும் கடன்படாதவன் ஆக்கிவிடுகிறது. நபிகளுக்கும் அரசனுக்கும் இடையில் வேறு மனிதரே இல்லை! நாட்டை இழந்த மரபினர்க்கு இப்பெருமை எவ்வளவு இனித்திருக்கும் என்பதை நாம் உணரலாம்.

ஆனால் இப்பெருமைக்கு நூல் ஒரு விலை கொடுத்திருக்கிறது. இசுலாத்தின் முதற்சரித்திரம் அரசனிலிருந்து தொடங்கவில்லை. மக்காவின் செல்வர்களும் தலைவர்களும் எதிர்த்து நின்றபோது, அதனை முன்வந்து ஏற்றவர்களுள் அடிமைகளும் ஏழைகளும் இருந்தனர். அபிசீனிய அடிமையாகிய பிலால் சுடுமணலிற் கிடத்தப்பட்டார். சுமையா என்னும் ஏழைப் பெண் கொலையுண்டார். 622-ல் நபிகள் பிறந்த ஊரை விட்டு மதீனாவுக்குச் செல்ல நேர்ந்தது. 630-ல் மக்கா வெல்லப்பட்டபோது கஅபாவின் மேல் ஏறித் தொழுகைக்கு அழைத்தவர் அந்தப் பிலாலே. கீழிருந்து மேலெழுந்த அந்த மார்க்கத்தை, மேலிருந்து கீழிறங்கிய கட்டளையாக மலாக்கா நூல் மாற்றிவிடுகிறது. கரையில் வியந்து நின்ற மீனவனும் சுமை தூக்கியும் என்ன நினைத்து ஏற்றார்கள் என்று ஒரு வரியும் இல்லை. இதுவே இந்நூலின் பெருங்குறை.

அவ்வரியைத் தேட வேண்டுமாயின் நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. லூபோக் சீனாவைத் தொட்டோடும் லிங்கி ஆற்றைக் கடந்து சில மைல் சென்றால், நெகிரி செம்பிலானைச் சேர்ந்த பெங்காலான் கெம்பாஸில் ஷேக் அகமது மஜ்னூனின் அடக்கத்தலம் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டில் ஒரு பகுதி அரபு எழுத்து. மற்றொரு பகுதி இந்திய வழிவந்த பழஞ்சாவக எழுத்து. ஒன்றில் ஹிஜ்ரி 872 என்னும் ஆண்டு. மற்றதில் நம் நாட்டுச் சகாப்தம் 1385. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம் அது. அருகே வாள், சுக்கான், அகப்பை என்று மக்கள் பெயரிட்டழைக்கும் நெடுங்கற்கள் நாட்டப்பட்டுள்ளன. வாட்கல்லில் அல்லாஹ் என்னும் திருப்பெயர் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பொய்யன் கையை நுழைத்தால் இறுக்கிப் பிடிக்கும் என்று சொல்லப்படும் துளையுடைய கல்லும் அங்குண்டு. ஓர் இரவில், ஒரு கனவில், ஒரு கட்டளையில் மக்கள் மாறிவிடவில்லை. பழைய எழுத்தும் புதிய எழுத்தும், பழைய ஆண்டுக்கணக்கும் புதிய ஆண்டுக்கணக்கும் ஒரே கல்லில் இடம்பெற்றன. அரசவை நூல் மறைத்ததை ஆற்றங்கரைக் கல் காட்டுகிறது.

நிற்க. தமிழர் பங்கு யாது என்று கேட்போர்க்கும் விடை கூற வேண்டும். பாசைக்கு மார்க்கம் கொணர்ந்த கப்பல் மக்காவிலிருந்து வரும் வழியில் ஒரு துறையில் தங்கியதாகவும், அந்நாட்டு அரசனே முடி துறந்து பக்கீராகி அதில் ஏறியதாகவும் நூல் கூறுகிறது. ஏடுகளில் அத்துறையின் பெயர் பலவாறு காணப்படினும், அரபியர் 'மஃபர்' என்றழைத்த சோழமண்டலக் கரையே அது என்று கொள்வோர் பலர். 1345 வாக்கில் பாசையைக் கண்ட இப்னு பத்தூத்தா, அவ்வரசன் ஷாஃபியி நெறியினன் என்கிறார். மலாய் மக்களும் நம் மரைக்காயர்களும் இன்றளவும் அந்நெறியினரே. வட இந்திய முஸ்லிம்களிற் பெரும்பாலார் ஹனஃபி நெறியினர். மார்க்கம் அறிந்தவரை மலாய் மொழியில் 'லெபாய்' என்பர். அது நம் 'லெப்பை' என்னும் சொல்லே. கப்பல், கடை, முதல், பெட்டி ஆகிய சொற்களும் அவ்வழியே சென்றன. இவை கனவினும் உறுதியான சான்றுகள்.

மலாக்கா அரண்மனைக்குள்ளும் தமிழகத் தொடர்பு புகுந்தது. 'கெலிங்' நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பாரின் மகள் வயிற்றுப் பேரன் ராஜா காசிம். இளையவனுக்கு முடி சூட்டப்பட்டதால் காசிம் மீனவரோடு மீனவனாய்ப் பிழைக்க நேர்ந்தது. பின்னர்த் தாய்மாமன் துன் அலியின் துணையோடு அரசைக் கைப்பற்றி, 1446-ல் முஸாபர் ஷா ஆனான். இதனைச் சொல்லி மகிழ்பவர்கள் இதன் தொடர்ச்சியையும் சொல்லட்டும். அம்மணி புரிந்தானின் பேரனே பெண்டகாரா துன் முத்தாகிர். 1510-ல் அவர்மேல் அரசத்துரோகம் சாட்டி, கையூட்டுக் கொடுத்து, குடும்பத்தோடு அழியச் செய்தவன் ராஜா முதலியார் என்னும் தமிழ்நாட்டு வணிகனே! பழி பொய்யென்று பின்னர் வெளிப்பட்டு அவனும் கொலையுண்டான். மறு ஆண்டே மலாக்கா வீழ்ந்தது. பெருமை வேண்டுமெனில் சிறுமையையும் சேர்த்தே ஏற்க வேண்டும். இனப்பெருமைக்காகச் சரித்திரத்தைக் கூறுபோடுவது, குலப்பெருமைக்காகப் புராணம் எழுதுவதினும் மேலானதன்று.

இவ்வளவு குறை கண்டோம். ஆயினும் இந்நூலை நாம் போற்றுகிறோம். ஏனெனில், அரசனுக்காக எழுதப்பட்ட இந்நூல் அரசனுக்கு அஞ்சவில்லை; மார்க்கத்தைப் போற்றும் இந்நூல் மார்க்க வாணிகர்க்கும் அஞ்சவில்லை. மேல்நாட்டிலிருந்து வந்த மௌலானா ஸதர் ஜஹான், குடிவெறியோடு பாடம் கேட்க வந்த யானைத்தலைவன் ஸ்ரீ ராமாவை நோக்கி, குடியே தீமைகளின் தாய் என்கிறார். அவனோ, அறியாமையே தீமைகளின் தாய் என்றும், செல்வந் தேடித்தானே நீர் கடல்கடந்து வந்தீர் என்றும் திருப்பிக் கேட்கிறான். அவரே மற்றொருவனின் அரபு உச்சரிப்பை எள்ளுகிறார். துன் மாய் என்னும் அம்மாணவன் சில எளிய மலாய்ச் சொற்களைக் கூறும்படி அவரைக் கேட்க, அவர் நாக்குத் தடுமாறுகிறது. பிறர் நாவைப் பழிப்பவன் தன் நாவை அறியான் என்பதற்கு இதனினும் இனிய சான்று எந்த நூலில் உண்டு? தோட்டத்திலும் கடைத்தெருவிலும் பிறர் மொழியைக் கொச்சையாகப் பேசி நகைப்புக்கு ஆளான ஒவ்வொருவரும் துன் மாய்க்குத் தோழர்.

எல்லாவற்றிலும் சிறந்தது மௌலானா யூசுப் கதை. சுல்தான் மகுமூது ஷா பாடம் கேட்க யானைமீது பரிவாரத்தோடு வந்தபோது, பக்கீர் வீட்டில் சுல்தானுக்கு என்ன வேலை என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். இரவில் அவன் தன் நூலைத் தானே சுமந்து வந்து, 'பக்கீர் மகுமூது வந்திருக்கிறேன்' என்றான், கதவு திறந்தது. கனவுக் கதையில் நூலாசிரியர் தொலைத்த மக்கத்து மார்க்கத்தை இக்கதையில் மீட்டுவிட்டார் என்போம். பிலாலை உயர்த்திய அதே நீதி இங்கே அரசனைத் தாழ்த்திக் கற்பிக்கிறது.

நம் சீறாப்புராணத்தையும் ஈண்டு ஒப்பிடுதல் தகும். 1642-ல் பிறந்த உமறுப்புலவர் அரபு நாட்டு வரலாற்றை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களிற் பாடினார். பாலை நாட்டில் தமிழ்நாட்டு மலையையும் மருதத்தையும் கண்டார். மலாய் ஆசிரியர் தம் நாட்டு வரலாற்றுக்குள் அரபு நாட்டுக் கப்பலைக் கொணர்ந்தார். ஒருவர் தொலைவிலுள்ளதை அருகே வைத்தார்; மற்றவர் அருகிலுள்ளதைத் தொலைவோடு பிணைத்தார். இரண்டும் புதிய நெறியைத் தம் மக்களின் சொத்தாக்க முயன்ற முயற்சிகள். அலங்காரத்தில் உமறு மிக்கவர். மனித இயல்பைக் காட்டுவதில் மலாய் ஆசிரியரே மிக்கவர் என்பது நம் துணிபு.

ஆகவே, தோட்டங்களிலும் நகரங்களிலும் உள்ள நம் வாசகசாலைகளில் இவ்விரு நூல்களும் அருகருகே இருத்தல் வேண்டும். முஸ்லிம் ஒன்றையும், இந்து மற்றொன்றையும், மலாய்க்காரர் வேறொன்றையும் படிப்பது என்றிராமல், யாவரும் யாவற்றையும் படிக்கட்டும். அற்புதத்தை நம்பத் தேவையில்லை. நூலை எறியவும் தேவையில்லை. அரசன் கண்ட கனவைக் கேட்டபின், கரையில் நின்றவர்கள் கண்டது என்ன என்று கேட்கும் பழக்கம் நமக்கு வருமாயின் அதுவே படிப்பின் பயன்.