எழுத்தில் நின்ற குரல்

இறந்து போனவர்களைப் பற்றி எழுதுவதில் நமக்குள்ள சாமர்த்தியம் கொஞ்சநஞ்சமல்ல. ஆள் போன மறுவாரமே அவன் உத்தமனாகி விடுகிறான். இரண்டு வருஷத்துக்கு முன் என் எழுத்தாளச் சிநேகிதன் ஒருவனைப் பற்றி நானும் அப்படி ஒரு கட்டுரை எழுதினேன். பலர் பாராட்டினார்கள். இப்போது அதைப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. காரணம், ஒரு நார்வே தேசத்துப் படம்.

பெஞ்சமின் ரீ என்பவர் எடுத்த ஆவணப் படம் அது. ‘தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்’ என்று பெயர். 2024-இல் வெளிவந்தது. மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞனின் வாழ்க்கை. டூஷென் என்னும் தசைச் சிதைவு நோய் அவனைச் சிறு வயதிலேயே சக்கர நாற்காலியில் உட்கார்த்திவிட்டது. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தான். கடைசிப் பத்து வருஷங்களில் பெரும்பொழுது ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் கழிந்தது. சிநேகிதம் என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விட்டானே என்று பெற்றோர் அழுதார்கள். அவனுடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டார்கள். போட்டதும் பல தேசங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. விளையாட்டில் அவன் பெயர் இபெலின். அந்த இபெலினை முகம் பாராமலே நேசித்தவர்கள் எழுதியவை. சிலர் அடக்கத்துக்கே வந்து நின்றார்கள்.

இத்துடன் நின்றிருந்தால் கண்ணைத் துடைத்துக் கொண்டு எழுந்து போயிருப்போம். ஆனால் அந்த விளையாட்டுக் குழுவினர், தாங்கள் தட்டெழுதிப் பேசிக் கொண்டதையெல்லாம் சேமித்து வைத்திருந்தார்கள். அதில் மாட்ஸைப் பற்றிக் கிடைத்தது 42,000 பக்கம். பேச்சு மட்டுமல்ல, சிரித்தான், கட்டிக் கொண்டான் என்ற வரிகள்கூட உண்டு. அவற்றை வைத்து, விளையாட்டின் உருவங்களையே நடமாட விட்டு, ரீ அவன் வாழ்க்கையை மறுபடி சொல்கிறார்.

இங்கேதான் படம் உயர்கிறது. டென்மார்க்கில் ஒரு தாய். ஆட்டிசம் உள்ள மகன் அறையை விட்டு வருவதில்லை. விளையாட்டுக்குள் போய் அவனைச் சந்தியுங்களேன் என்கிறான் மாட்ஸ். முதல் அணைப்பு திரையில் நடக்கிறது, பிறகு வீட்டில். தன் தாயின் கையைத் தூக்கி அணைக்க முடியாத ஒருவன் சொன்ன யோசனை இது! அதே மாட்ஸ் தன் நோயை மறைக்கிறான். நேரில் பார்க்கலாம் என்றவர்களைத் தட்டிக் கழிக்கிறான். சுள்ளென்று பேசி நண்பர்களைப் புண்படுத்துகிறான். ரீ இதையெல்லாம் வெட்டி எறியவில்லை. பெற்றோரும் அனுமதித்திருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் அனுமதித்திருப்பேனா என்பது சந்தேகம்.

எனக்கு ஒரு குறை உண்டு. எழுத்தாக இருந்த பேச்சுக்கு நடிகர்களின் குரலை ஏற்றிவிட்டார். குரல் வந்ததும், எந்த வார்த்தை கோபம், எது கேலி என்று நமக்காக யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தத் தோழர்களுக்கு அன்று கிடைத்தது வெறும் எழுத்துத்தானே? ஒரு வரியை எத்தனை விதமாகப் படித்து மனம் குழம்பியிருப்பார்கள்! சினிமாவுக்குக் குரல் வேண்டும் என்பது வாஸ்தவம். இருந்தாலும் நாலைந்து இடங்களிலாவது மௌனமாக எழுத்தை மட்டும் திரையில் நிறுத்தியிருக்கலாம்.

இதை நான் வீம்புக்குச் சொல்லவில்லை. படம் பார்த்த அன்றிரவு டெலிபோனை எடுத்துச் சிநேகிதனோடு பேசிய வாட்ஸப் பேச்சை ஆதியிலிருந்து படித்தேன். ‘யாரையும் குறை சொல்லி அறியாதவன்’ என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். பாதிக்கு மேல் குறைதான். என்னைப் பற்றியும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு கதையை அனுப்பி, “ரெண்டாம் பாகம் சரியா வந்திருக்கா?” என்று கேட்டிருக்கிறான். “ரொம்ப நன்றாக வந்திருக்கிறது” என்று பதில் போட்டிருக்கிறேன். நான் படிக்கவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அவன் எழுதியது: “பொய் சொல்றே. பரவாயில்லே.”

அந்தப் ‘பரவாயில்லே’யை எந்தக் குரலில் சொன்னான்? சிரித்துக் கொண்டா? மனம் விட்டுப் போயா?

கதையைச் சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் படித்தேன். இரண்டாம் பாகம் சரியாக வரவில்லை.