தேதிக்குப் பின்னால் நிற்கும் சாட்சி

பாரதி யானை தாக்கி இறந்தார் என்று நம்புவோர் இன்றும் உண்டு. மலேசியாவின் பாலோவிலும் கேட்கலாம், தமிழ்நாட்டின் பாளையங்கோட்டையிலும் கேட்கலாம். அந்த நம்பிக்கையை உடைக்க நீண்ட வாதம் எதுவும் தேவைப்படவில்லை. 1921ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதே போதுமானதாயிற்று. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியதும், நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து மீட்டதும் உண்மை. ஆனால் அவர் தேறி எழுந்தார். சுதேசமித்திரன் நாளிதழ் வேலைக்குத் திரும்பினார். ஈரோட்டுக்கு ரயிலேறி, கருங்கல்பாளையம் வாசகசாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதவும் செய்தார். வயிற்றுக்கடுப்பில் அவர் படுத்தது இவ்வளவுக்கும் பிறகுதான். எழுத்தாளரின் வாழ்க்கையைக் காலவரிசையாகத் தொகுப்பதன் முதல் பலம் இதுவே. தனித்தனியே கேட்கும்போது நம்பத்தக்கதாகத் தோன்றும் கதைகள், நாள்களுக்கிடையே வைக்கப்பட்டதும் தம் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

இந்த வேலை தமிழில் பெரும்பாலும் தனிமனிதர்களின் பிடிவாதத்தால் நடந்தது. பெ. தூரன் சுதேசமித்திரனின் பழைய தாள்களைப் புரட்டி 1953இல் ‘பாரதி தமிழ்’ நூலைத் தந்தார். ரா.அ. பத்மநாபன் 1957இல் படங்களும் ஆவணங்களுமாகச் ‘சித்திர பாரதி’யைக் கொண்டுவந்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி விஜயா, ஹிந்து ஆகிய நாளிதழ்களில் புதைந்திருந்த எழுத்துகளைத் தேடி எடுத்தார். சீனி. விசுவநாதன் வாழ்நாளையே கொடுத்துக் காலவரிசைப்படுத்திய பாரதி படைப்புகள் 23 தொகுதிகளாக 2024 டிசம்பரில் முழுமையாக வெளியாயின. பல்கலைக்கழகங்கள் குழு அமைத்துச் செய்திருக்க வேண்டிய பணி இது. இவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. அந்த மரியாதையோடுதான் குறையையும் சொல்ல வேண்டும்: நம் நூல்களின் பின்னிணைப்பில் அச்சாகும் காலவரிசைகள் பெரும்பாலும் தேதியைச் சொல்கின்றன, அந்தத் தேதிக்கு யார் சாட்சி என்பதைச் சொல்வதில்லை.

பாரதி மறைந்த நாளையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு நினைவுகூர்வது செப்டம்பர் 11ஐ. உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் என்பதால் மாநகராட்சிப் பதிவில் இருப்பது 12. விடியும்வரை முந்தின நாளாகவே எண்ணும் நம் வழக்கப்படி 11 சரி; நள்ளிரவில் நாளை மாற்றும் அலுவலகக் கணக்கில் 12 சரி. அட்டவணையில் ஒன்றை மட்டும் எழுதி நிறுத்தினால், வாசகர் மற்றதைப் பிழை என்று எண்ணிக்கொள்வார். 1919இல் சென்னையில் ராஜாஜி தங்கியிருந்த வீட்டில் பாரதி காந்தியைச் சந்தித்த செய்தியும் இப்படித்தான். அதை நமக்கு விரிவாகச் சொன்னவர் வ.ரா.; எழுதியது பல ஆண்டுகள் கழித்து. 1918 நவம்பரில் பாரதி புதுச்சேரி எல்லை தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்ததற்கோ அன்றைய அரசு ஆவணங்களே இருக்கின்றன. இரண்டும் அட்டவணையில் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு நிற்கின்றன. நினைவிலிருந்து சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அதன் எடை வேறு, அவ்வளவுதான். வெளியான ஆண்டை எழுதிய ஆண்டாகக் கொள்வதும் இதே வகைப் பிழை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வந்தது. இரண்டாம் பாகம் 1924இல், கவிஞர் மறைந்து மூன்றாண்டு கழித்து அச்சேறியது. அச்சான ஆண்டை மட்டும் பார்ப்பவருக்கு அது எந்த மனநிலையில் பிறந்தது என்பது தெரியவே போவதில்லை.

கவிஞனின் வாழ்வு கவிதையில் இருக்கிறது, தேதியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கடலூர்ச் சிறையிலிருந்து ஆளுநர் பென்ட்லண்டுக்கு மனு எழுதி, அரசியலிலிருந்து விலகுவதாக ஒப்பி, கட்டுப்பாடுகளோடு வெளிவந்தவர் பாரதி. அந்தச் செய்தி கையில் இல்லாமல் விடுதலைக்குப் பின் அவர் கடையத்தில் வாழ்ந்த நாள்களின் எழுத்தைப் படிப்பவர், அவர் மனம் ஆன்மிகத்தின் பக்கம் தானாகவே திரும்பிவிட்டது என்று எளிதாக முடிவுகட்டலாம். திரும்பியிருக்கவும் கூடும். ஆனால் வாய் கட்டப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து எடைபோட்ட பிறகே அப்படிச் சொல்ல முடியும். கவிதையை நேர்மையாகப் படிப்பதற்கே தேதி வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆவணங்கள் யாருடையவை? புதுச்சேரியின் பத்தாண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு, அவரைப் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் போலீசின் குறிப்புகளால் வந்தது. போலீஸ் எங்கே பார்த்ததோ அங்கே வாழ்க்கை அடர்த்தியாகத் தெரிகிறது. பார்க்காத இடத்தில் வெறுமை. 1898இல் தந்தை இறந்தபின் காசியில் கழிந்த இளமைப் பருவம் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. மனைவி செல்லம்மாளின் நிலை இன்னும் மோசம்: 1897இல் திருமணம், 1904இல் மகள் தங்கம்மாள், 1908இல் மகள் சகுந்தலா என்று மூன்று பதிவுகள். கடன், பட்டினி, வாடகை, குழந்தைகளின் நோய் எல்லாவற்றையும் சுமந்தவர் அவர். 1951இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றிப் பேசினார். சகுந்தலாவும் நூல் எழுதினார். ஆனால் வீட்டு நினைவுக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாததால் அட்டவணையில் இடமும் கிடைப்பதில்லை. இதற்கு ஒரு வழி உண்டு. ஜே லெய்டா 1951இல் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லுக்காகத் தொகுத்த நூல், கடிதங்களையும் பத்திரிகைத் துணுக்குகளையும் கப்பல் பதிவுகளையும் நாள்வாரியாக அப்படியே அடுக்கி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று காட்டியது. தமிழில் அம்முறையைக் கைக்கொள்ளும்போது, தேதியற்ற சாட்சியத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்: “புதுச்சேரிக் காலம், நாள் தெரியவில்லை, செல்லம்மாள் சொன்னது” என்று எழுதுவதில் ஆய்வுக்கு எந்தக் கேடும் வராது.

மலேசியாவின் ஜொகூர்க்காரர்களுக்கு இதில் அவசரமும் இருக்கிறது. பாலோ, குளுவாங் சுற்றுவட்டாரம் போன்ற ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலிருந்து எழுத வந்தவர்களைப் போலீஸ் பின்தொடர்ந்து குறிப்பெழுதவில்லை. அவர்களுடைய கதைகள் பெரும்பாலும் நாளிதழ்களின் ஞாயிறு மலர்களில் வந்து அங்கேயே தங்கிவிட்டன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. தோட்டங்கள் கைமாறும்போது பதிவேடுகளும் போகின்றன. பெயர்ப் பதிவில் ஒரு பிறந்த நாள், குடும்பத்தார் சொல்லும் நாள் வேறு என்பதும் இங்கே புதிதல்ல. ஆகவே ஒரு மலேசிய எழுத்தாளருக்குக் காலவரிசை தொகுக்க அமர்பவர் நேர்காணலில் தொடங்கிப் பழைய இதழ்களுக்குப் போக வேண்டியிருக்கும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற இரண்டு கட்டங்களை முதல் வரியிலிருந்தே சேர்த்துக்கொண்டு போனால், எதுவும் கிடைக்காத ஆண்டுகளையும் வெற்றாக விட்டே அச்சிடலாம். அடுத்து வருபவர் அங்கிருந்து தேடத் தொடங்குவார்.