சாட்சிக் கூண்டிலிருந்து ஆங்கிலத்துக்கு

“கையைப் புடிச்சு இழுத்தான், சேலையை உருவுனான்” என்று மக்காச்சோளக் காட்டுக்கு வேலைக்குப் போன ஒரு பெண் சாட்சிக் கூண்டில் நின்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெரம்பலூரோ அரியலூரோ, ஏதோ ஒரு மகிளா நீதிமன்றம். அவள் சொன்னது ‘எதிரி அ.சா.1ஐ மானபங்கம் செய்தார்’ என்று தாளில் ஏறினால், கையும் சேலையும் அந்த இடத்திலேயே காணாமல் போய்விடும். மிஞ்சுவது மானம் மட்டும்தான்.

வழக்கு மேல்முறையீடாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்தத் தாள் ஆங்கிலமாக வேண்டும். அரசியலமைப்பின் 348ஆம் உறுப்புப்படி உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம். தமிழையும் அங்கே வழக்காடு மொழியாக்கக் கோரி 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் நிலைமை மாறவில்லை. எனவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். நான் அந்த வேலையைச் செய்பவள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அவள் பேச்சை மாற்றி எழுதும் என்னை யாரும் கேள்வி கேட்பதில்லை.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலினம் பற்றிய தேய்வழக்குகளை எதிர்கொள்ள நீதிபதிகளுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. ‘ஈவ் டீசிங்’ வேண்டாம், தெருவில் நடக்கும் பாலியல் தொல்லை என்று எழுதுங்கள். ‘கீப்’ வேண்டாம், திருமணத்துக்கு வெளியே உறவுகொண்டிருந்த பெண் என்று எழுதுங்கள் என்கிறது அது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை ஆங்கிலச் சொற்கள். நம் ஊர்ப் பெண்ணின் வழக்கு தமிழில் தொடங்குகிறது. கையேட்டை மனப்பாடம் செய்த நீதிபதியின் மேசைக்கும், ஏற்கெனவே தமிழிலேயே தீர்ப்பு எழுதப்பட்ட ஒரு வாக்கியம்தான் வந்து சேர்கிறது.

‘தொடர்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். “அவருக்கும் அந்தப் பொண்ணுக்கும் தொடர்பு இருந்துச்சு” என்று சாட்சி சொன்னால், நம் நீதிமன்ற ஆங்கிலத்தில் அதற்கு ஒரு தயார் தொடர் உண்டு: ‘இல்லிசிட் இன்டிமசி’. ‘கள்ள’ என்று சாட்சி சொல்லவே இல்லை, மொழிபெயர்ப்பு சேர்த்துக்கொள்கிறது. மணமான பெண்ணோடு இன்னொருவர் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவு 2018இல் ரத்தானது. அந்த அடைமொழி இன்னும் ரத்தாகவில்லை.

இதன் விலை என்ன என்பதை 2010இல் கோவையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஜீவனாம்ச வழக்கு காட்டியது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் திருமணம் போன்ற உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அதை விளக்கிய தீர்ப்பு, ‘கீப்’ ஆக இருப்பவளுக்கு அது பொருந்தாது என்றது. கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அந்தச் சொல்லை நீதிமன்றத்திலேயே எதிர்த்தார். தமிழில் ‘வச்சிருக்கான்’ என்கிறோமே, அதுவும் இதே கதைதான். வைப்பவன் ஆண், வைக்கப்படும் பொருள் பெண். “சேர்ந்து குடும்பம் நடத்துனோம்” என்று அவள் சொன்னதை நான் எப்படி எழுதுகிறேன் என்பதில் அவள் சோறும் கூரையும் இருக்கின்றன.

சரி, நல்ல சொற்களைப் போட்டுவிட்டால் போதுமா? ‘கற்பழிப்பு’ என்ற சொல்லைப் பெண்ணியவாதிகள் போராடித்தான் பின்னுக்குத் தள்ளினார்கள். அந்த இடத்துக்குச் செய்தித்தாள்கள் கொண்டுவந்த ‘பாலியல் வன்கொடுமை’யோ சீண்டலிலிருந்து வன்புணர்வு வரை எல்லாவற்றையும் மூடுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 74ஆம் பிரிவுக்குத் தண்டனை 1 முதல் 5 ஆண்டு. வன்புணர்வுக்கான 64ஆம் பிரிவுக்குக் குறைந்தது 10 ஆண்டு. 74ஆம் பிரிவு, 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘மாடஸ்டி’யை அப்படியே வைத்திருக்கிறது என்பது வேறு விஷயம். மரியாதையான மங்கலும் பெண்ணுக்கு எதிராகவே வேலை செய்யும்.

அவளே “என்னைக் கெடுத்துட்டான்” என்று சொல்லும்போது என்ன செய்வது? அந்தச் சொல்லில் அவளைக் குற்றவாளியாக்கும் ஊர் இருக்கிறது. ஆனால் அதைத் திருத்த எனக்கு உரிமையில்லை. அவள் சொல்லைத் தமிழ் ஒலிப்பிலேயே வைத்து, பக்கத்தில் நேர்ப்பொருளைத் தருகிறேன். அடுத்த வரியில் அவன் செய்ததை அவள் விவரித்திருந்தால், கூசாமல் அதை அப்படியே எழுதுகிறேன். குற்றத்துக்குப் பெயர் வைப்பது என் வேலையில்லை.

கூசியதால் நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. தலித் பெண் ஒருவர் தன்னைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகச் சொல்லி, அந்தச் சொல்லையும் சொல்லியிருந்தார். அதை எழுதக் கை வரவில்லை. ‘கெட்ட வார்த்தைகளால் திட்டினார்’ என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். படித்துப் பார்த்த இளம் வழக்கறிஞர் கேட்டார்: “அக்கா, சாதிப் பேரை எடுத்துட்டா கேஸ்ல என்ன மிச்சம்?” 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது தனிக் குற்றம். என் நாகரிகம் அந்தக் குற்றத்தையே அழித்திருக்கும். தாக்கல் செய்வதற்கு முன்பே திருத்தியதால் தப்பித்தோம்.

சட்டத்தில் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 313. பதிவான சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். தவறு என்று அவள் சொன்னால் திருத்தலாம், திருத்தாவிட்டால் அவள் ஆட்சேபத்தையாவது குறித்துவைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் பெண்ணுக்குத் துணையாகப் போகிறவர்கள் இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கையெழுத்துப் போடும் முன் அவள் கேட்கட்டும்: “நான் சொன்னது இதுல எங்க இருக்கு?” அங்கே அவள் சொல் நின்றால்தான், ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக என் கையில் ஏதாவது இருக்கும்.